பந்தெறி வீரர் கிறிஸ்டி மாத்யூஸன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் வேனிற்காலத்திற்கு உரியது. அக்டோபர் மாதத்தில் இறுதிப் பந்தயங்கள் முடிவுற்றதும் மைதானங்கள் பூட்டப்படும். வடபாகத்து நகரங்களில் பனி விழத் தொடங்கும். ஆயினும் ஆட்டத்தில் அபிமானம் கொண்டோர் வாய் மட்டும் ஓய்வதில்லை. கணப்பைச் சுற்றி அமர்ந்து, தம் கோஷ்டி அடுத்த ஆண்டிற்கு எவரைக் கொடுத்து எவரைப் பெறவேண்டும் என்று இரவு நெடுநேரம் தர்க்கம் செய்வர். இத்தகைய வாதங்களுக்குச் சூட்டடுப்புச் சங்கம் என்ற பொருள்படும் பரிகாசப் பெயர் ஒன்று அந்நாட்டில் வழங்குகின்றது. அச்சங்கத்தில் சேரச் சந்தா இல்லை. ஆகவே அங்கத்தினருக்கும் குறைவில்லை.

அவ்வாதங்களுள் மிகச் சூடானது, பந்தெறிவோர் ஒருவரை மாற்றிக்கொள்வது பற்றியதே. நம் மாணவர்க்குக் கிரிக்கெட் பழக்கமாதலின் ஒன்று கூறுவோம். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கொருமுறை எறிவோர் மாறுவர். பேஸ்பாலிலோ ஒருவரே மேட்டின்மேல் நின்று, தாம் களைத்துப் போகும் வரை அல்லது விலக்கப்படும் வரை, எதிர்க்கோஷ்டியார் அனைவர்க்கும் தொடர்ந்து எறிகின்றார். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் எறிவோர் எவரோ, அன்றைய வெற்றி தோல்வியில் பெரும்பங்கு அவரையே சாரும். அத்தகையவர்க்கு ஒரு நாள் எறிந்தபின் தோளுக்குச் சில நாள் ஓய்வு வேண்டும். அத்தோளோ நம்பத்தக்க பொருளன்று. சந்தையில் மாடு பிடிப்பவன் பல்லைப் பார்த்து வயதை அறிவான். ஒரு மனிதன் தோளைப் பார்த்து, இஃது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அறிந்தவர் இன்றுவரை எவருமிலர். ஆகையினாலேயே வாதம் முடிவதில்லை.

1900-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி நிகழ்ந்த ஓர் ஆள்மாற்று, இவ்வாதங்களில் நூறாண்டுக்கு மேலாகியும் உதாரணமாக எடுத்துக் காட்டப்படுகின்றது. அன்று கைமாறிய இருவருள் இளையவர் ஒரு கலாசாலை மாணவர், வயது இருபது. அவருடைய சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கிறிஸ்டி மாத்யூஸன் 1880-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி, பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஃபாக்டரிவில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெயரில் ஃபாக்டரி இருப்பினும் ஊர் கிராமமே. பெற்றோர் வசதியுள்ளவர்கள், தெய்வபக்தியுடையவர்கள், மகன் பாதிரியார் ஆகவேண்டுமென்பது தாயாரின் விருப்பமென்று கூறுவர். அவ்வூரிலேயே பாப்டிஸ்டு சபையார் ஸ்தாபித்த கீஸ்டோன் பாடசாலையில் பயின்று, 1898-இல் லூயிஸ்பர்க் நகரத்திலுள்ள பக்னெல் ஸர்வகலாசாலையில் சேர்ந்தார். அதுவும் 1846-இல் பாப்டிஸ்டுகளால் தொடங்கப்பட்டதே. அங்கே தம் வகுப்பிற்குத் தலைவரானார். இலக்கியச் சங்கத்திலும் பாடகர் குழுவிலும் இடம்பெற்றார். கால்பந்தில் தூரத்திலிருந்து உதைத்துக் கம்பத்தைத் தாண்டச் செய்வதில் பெயரெடுத்தார். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள், தெளிந்த முகம். பின்னாளில் அவர் கைப்பிடித்த ஜேன் ஸ்டௌட்டன் அம்மையாரும் லூயிஸ்பர்க்கைச் சேர்ந்தவரே.

அக்காலத்துப் பேஸ்பால் கூலிக்கு ஆடுவோர்க்கு நற்பெயர் இல்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். குடியும் சண்டையும் சூதும் அவர்களுடன் சேர்த்துப் பேசப்பட்டன. நல்ல விடுதிகள் சில அவர்களை ஏற்க மறுத்தன. அத்தொழிலில் ஒரு கலாசாலை மாணவர் புகுவது வீட்டாருக்கு மனக்கசப்பை உண்டாக்கக் கூடியதாகவே இருந்தது.

1899-ஆம் ஆண்டு விடுமுறையில் மாஸாசூஸட்ஸ் மாகாணத்து டான்டன் கோஷ்டிக்கு எறிந்தார். 1900-இல் வர்ஜீனியாவிலுள்ள நார்ஃபோக் கோஷ்டிக்குச் சென்று, ஏறக்குறைய இருபது வெற்றியும் இரண்டே தோல்வியும் பெற்றார். இச்செய்தி நியூயார்க்குக்கு எட்டவே, ஜயண்ட்ஸ் என்னும் பெருங்கோஷ்டியார் ஜூலை மாதத்தில் அவரை வரவழைத்தனர். போனவர் ஆறு ஆட்டங்களில் தோன்றினார், மூன்றில் தோற்றார், ஒன்றிலும் வெற்றியில்லை. ஜயண்ட்ஸ் முதலாளியாகிய ஆண்ட்ரூ ஃப்ரீட்மன், பேசிய விலையைக் கொடாமல் அவரை நார்ஃபோக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆண்டு முடிவில் ஸின்ஸினாட்டி நகரத்து ரெட்ஸ் கோஷ்டியார், அன்றிருந்த விதியின்படி, நூறு டாலர் கட்டி அவரைத் தமதாக்கிக் கொண்டனர். அந்நூறு டாலர்ச் சரக்கைத்தான் டிசம்பர் மாதத்தில் அவர்கள் நியூயார்க்குக்குக் கொடுத்து, பதிலாக ஏமஸ் ரூஸி என்பவரைப் பெற்றார்கள்.

ரூஸி யார்? 1890 முதல் 1898 வரை நியூயார்க்குக்கு எறிந்த இடியேறு அவர். இந்தியானா மாகாணத்தவர், அம்மாகாணத்தின் பெயரால் இடிவீரர் என்றே அழைக்கப்பட்டார். 1894-இல் மட்டும் 36 வெற்றி. 1893-இல் பந்தெறியும் தூரத்தை 60 அடி 6 அங்குலமாக நீட்டி விதி செய்தபொழுது, அதற்கு ரூஸியின் வேகமும் ஒரு காரணம் என்று பேசிக்கொண்டனர். அத்தூரம் இன்றும் மாறவில்லை. தூரம் நீண்டபின்னும் ரூஸியை அடிக்க வல்லார் சிலரே.

அத்தகைய வீரரை முதலாளி ஏன் கைவிட்டார் என்று வினவலாம். ஃப்ரீட்மன் பிடிவாதக்காரர். 1895-ஆம் ஆண்டில் இருநூறு டாலர் அபராதம் விதித்தார். அதை அநியாயமென்று கருதிய ரூஸி, அபராதத்தைத் திருப்பித் தராவிட்டால் ஆடேன் என்று 1896-ஆம் ஆண்டு முழுவதும் வீட்டிலேயே இருந்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் சென்றது. மற்றக் கோஷ்டி முதலாளிகள் நடுங்கினர். ஏனெனில் வழக்கின் ஆழத்தில் அபராதம் இல்லை, வேறொன்று இருந்தது. ஒரு கோஷ்டியில் ஒப்பந்தம் செய்த ஆட்டக்காரர், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அக்கோஷ்டிக்கே உரியவர்; முதலாளி விற்றாலன்றி, மாற்றினாலன்றி, விடுவித்தாலன்றி வேறிடம் செல்லலாகாது என்பது அன்றைய நியதி. அந்நியதி நீதிபதியின் முன் நிற்குமோ என்ற ஐயம் அவர்களுக்கே இருந்தது. ஆகவே தம் பணத்தைச் சேர்த்து ரூஸிக்குக் கொடுத்து வழக்கை நிறுத்தினார்கள். 1897-இல் மீண்டும் வந்து 28 வெற்றி பெற்றார். 1898-இல் தோளில் காயம் உண்டாயிற்று. 1899, 1900 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவர் ஆடவே இல்லை.

இப்பொழுது நாம் சற்று அந்த அடுப்பின் அருகே சென்று அமர்வோம். ஆண்டு 1900, மாதம் டிசம்பர், ஊர் ஸின்ஸினாட்டி. நமக்குத் தெரிந்தது என்ன? நம்மிடம் உள்ளவன் பெரிய ஆட்டத்தில் ஒரு பந்தயமும் வெல்லாத இளைஞன். அவர்கள் தருவது இருநூறுக்கு மேற்பட்ட வெற்றிகளைக் கண்ட மனிதர், வயது இருபத்தொன்பதே. இரண்டாண்டு ஓய்வில் தோள் தேறியிருக்கலாம். ஊர் இந்தியானாவிற்கு அடுத்தது; அவரைக் காணக் கூட்டம் வரும். நூறு டாலருக்கு ரூஸி கிடைக்கிறார் என்றால் வேண்டாமென்பவன் எவன்? நாம் அன்று அங்கிருந்திருந்தால், மாற்றுக என்றே கைதூக்கியிருப்போம் என்பதில் எமக்கு ஐயமில்லை. பின்னாளில் இவ்வாள்மாற்றை உலகத்தின் பெரும் மடமை என்று எழுதியவர்கள், விடையைக் கண்டபின் கணக்குப் போட்டவர்களே.

ரூஸி 1901-ஆம் ஆண்டு ஸின்ஸினாட்டிக்கு மூன்றே ஆட்டங்களில் எறிந்தார். ஒரு வெற்றியும் இல்லை. தோள் போய்விட்டது. அத்துடன் அவர் ஆட்டம் முடிந்தது. மாத்யூஸன் நியூயார்க்குக்காக எறிந்து வென்ற பந்தயங்கள் 372.

ஆயினும் வெறும் மடமையும் அன்று என்று சொல்வோர் உண்டு. ரெட்ஸ் கோஷ்டியின் முதலாளி ஜான் பிரஷ் என்பவர். அவருக்கு நியூயார்க்குக் கோஷ்டியிலும் சிறு பங்கு இருந்தது. 1902-இல் ஃப்ரீட்மனிடமிருந்து பெரும்பங்கையும் வாங்கி அவரே நியூயார்க்கின் முதலாளியானார். தாம் போகப்போகும் வீட்டிற்கு முன்கூட்டியே நல்ல பாத்திரத்தை அனுப்பிவைத்தார் என்பது இவர்கள் கூற்று. இருபது வயது இளைஞன் இன்னான் ஆவான் என்று பிரஷ் அறிந்திருந்தாரானால் அவர் சோதிடர். அறியாமல் செய்தாரானால் அதிர்ஷ்டசாலி. நூறு டாலருக்கு நார்ஃபோக்கை வஞ்சித்து இளைஞனைப் பெறுவதற்கு இருவரும் சேர்ந்து செய்த உபாயம் என்ற விளக்கமே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இவ்வளவு பேச்சிலும், கைமாறிய இருவரையும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். ரூஸி எதிர்த்து நின்ற அந்நியதி அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்தது. 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்தியஸ்தர் ஒருவர் அளித்த தீர்ப்பினாலேயே அது தளர்ந்தது. அதுவரை அடுப்படியில் இருந்தவர்கள் ஆட்களைச் சதுரங்கக் காய்களைப்போல் நகர்த்திப் பேசியது வேடிக்கையன்று. முதலாளிகள் மெய்யாகவே அவ்வாறுதான் நகர்த்தினார்கள்.

மாத்யூஸனும் அக்காலத்து ஒழுங்கீனத்தில் சிக்காமலில்லை. 1901-ஆம் ஆண்டு தொடக்கத்தில், புதிதாய்த் தோன்றிய அமெரிக்கன் லீகில் சேர்ந்த ஃபிலடெல்ஃபியா கோஷ்டியின் மானேஜர் கானி மாக் என்பவருடன் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஃப்ரீட்மன் மிரட்டவே, அதை மீறி நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டார். பிற்காலத்தில் நேர்மைக்கு உதாரணமாகப் போற்றப்பட்டவர் வாழ்வில் இஃதொரு கறை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபது வயதில் இரு வல்லவர்க்கு இடையே அகப்பட்டவர் நிலையையும் எண்ணவேண்டும்.

முதல் ஆண்டிலேயே 20 வெற்றி பெற்றார். ஜூலை 15-ஆம் தேதி ஸெயிண்ட் லூயிஸ் கோஷ்டியார் ஒருவரும் பந்தை அடித்து இடம்பெறாதவாறு ஓர் ஆட்டத்தை முடித்தார். ஆனால் கோஷ்டி இழிந்த நிலையில் இருந்தது. 1902-இல் கடைசி இடம். அவ்வாண்டின் தொடக்கத்தில் மானேஜராயிருந்தவர், இவ்வருமையான எறிவோரை முதல் பேஸில் காவல் நிற்கச் செய்து பார்த்தார் என்றால், அங்கே நடந்த நிர்வாகத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஜூலை மாதத்தில் ஜான் மக்ரா மானேஜராக வந்து அவ்விபரீதத்தை நிறுத்தினார். மக்ரா குள்ளர், முன்கோபி, நடுவர்களோடு ஓயாது சண்டையிடுபவர். மாத்யூஸன் உயர்ந்தவர், அமைந்தவர். இவ்விருவரும் உயிர்த்தோழராயினர். 1903-இல் மாத்யூஸன் தம்பதிகளும் மக்ரா தம்பதிகளும் ஒரே வீட்டில் குடியிருந்தனர்.

அவர் எறியும் முறையைச் சிறிது கூறவேண்டும். வேகம் ரூஸிக்கு இருந்தது. மாத்யூஸனிடம் கணக்கு இருந்தது. எந்த மட்டைக்காரருக்கு எந்த இடத்துப் பந்து ஒவ்வாது என்பதை ஒருமுறை கண்டால் மறவார். சொக்கட்டான் போன்ற செக்கர்ஸ் பலகையாட்டத்தில் பலருடன் ஒரே வேளையில் ஆடி வெல்லும் நினைவாற்றல் அவருக்கு உண்டு. அதே ஆற்றல் மைதானத்திலும் வேலை செய்தது. வலக்கையர் எறியும் வளைபந்து இயல்பாக ஒரு பக்கம் சாயும். இவர் மணிக்கட்டை எதிர்ப்பக்கம் முறுக்கி, பந்து மறுபக்கம் சாய்ந்து சோர்ந்து விழுமாறு எறிவார். மங்கி மறையும் பந்து என்னும் பொருளில் அதற்குப் பெயர் வைத்தனர். சிறு கோஷ்டிகளில் ஆடிய நாளில் உடனாடிய ஒருவரிடம் கண்டு கற்றது அது. கைக்கு மிகுந்த வேதனை தருவதாகையால் ஓர் ஆட்டத்தில் சிலமுறையே அதை உபயோகிப்பார். மற்ற நேரங்களில் வலிமையைச் சேமித்து, எதிரிகள் பேஸ்களில் நிறைந்து ஆபத்து நேர்ந்த பொழுதே முழுவதையும் செலவிடுவார். 1912-இல் அவர் பெயரால் வெளிவந்த நூல், நெருக்கடியில் பந்தெறிதல் என்ற கருத்தையே தலைப்பாகக் கொண்டது. அதை எழுத்தில் வடித்தவர் ஒரு பத்திரிகையாளர் எனினும், எண்ணம் அவருடையதே.

இவருடைய குறிதவறாமைக்கு ஒரே கணக்குப் போதும். தவறாக எறிந்த நான்கு பந்துகளுக்கு மட்டைக்காரர் ஒரு பேஸ் இனாமாகப் பெறுவது விதி. 1913-ஆம் ஆண்டு 306 இன்னிங்ஸ் எறிந்து, 21 பேருக்கே அவ்வினாம் கொடுத்தார். அவற்றுள் 68 இன்னிங்ஸ் தொடர்ச்சியாக ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

1903, 1904, 1905 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முப்பதுக்கு மேல், அல்லது முப்பது, வெற்றிகள். 1905-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகப் பந்தயத் தொடரில் ஜயண்ட்ஸை எதிர்த்தவர் எவரெனில், இவர் ஒப்பந்தத்தை மீறி விட்டுவந்த அதே கானி மாக்கின் ஃபிலடெல்ஃபியா கோஷ்டியார். 9-ஆம் தேதி எறிந்தார், எதிரிகளுக்கு ஓட்டமில்லை. 12-ஆம் தேதி எறிந்தார், ஓட்டமில்லை. ஒரே நாள் இடைவிட்டு 14-ஆம் தேதி எறிந்தார்; அப்பொழுதும் இல்லை. ஆறு நாளில் மூன்று முழு ஆட்டங்கள், 27 இன்னிங்ஸ், எதிரிகள் ஒருவரும் ஓடி முடிக்கவில்லை, இனாமாகப் பேஸ் பெற்றவர் ஒருவரே. இக்காலத்தில் ஓர் எறிவோர்க்கு நான்கைந்து நாள் ஓய்வு கொடுத்தும் முழு ஆட்டத்தை அவரிடம் விடுவது அரிதாகிவிட்டது. ஆகவே இச்செயல் மீண்டும் நிகழும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

புகழ் வந்தபின் அவரைத் தேசமே தன் பிள்ளையாகக் கொண்டாடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எறிவதில்லை என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார். படித்தவர், மனைவியிடம் அன்புடையவர், நடுவரிடம் உண்மை பேசுபவர் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி அவரை ஒரு விக்கிரகமாக்கிவிட்டன. விக்கிரகமன்று, மனிதரே. புகையிலையில் விருப்பமுண்டு, பணம் வைத்துச் சீட்டாடுவதிலும் வல்லவர், அறியாதவர் நெருங்கிவந்தால் முகங்கொடுத்துப் பேசார் என்ற குறையும் கூறப்பட்டது. ஆயினும் அவரால் அத்தொழிலுக்கு ஒரு கௌரவம் உண்டாயிற்று என்பதை மறுப்பார் இலர். கலாசாலை மாணவர்கள் அதன்பின் வெட்கமின்றி அதில் புகுந்தனர். இடையில் ஒரு வேடிக்கை: 1917-இல், ஸின்ஸினாட்டி மானேஜராக நியூயார்க்குக்கு வந்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்திய குற்றத்திற்காக மக்ராவுடன் இவரும் கைது செய்யப்பட்டார். நீதிபதி இருவரையும் விடுதலை செய்தார்.

1908-ஆம் ஆண்டே அவர் சிகரம். அதுவே அவருக்குப் பெருந்துயரமும். அவ்வாண்டு 37 வெற்றி. செப்டம்பர் 23-ஆம் தேதி சிகாகோ கோஷ்டியுடன் நடந்த ஆட்டத்தில் மாத்யூஸன் எறிந்தார். ஒன்றுக்கொன்று என்று சமமாயிருந்த கடைசி இன்னிங்ஸில், ஜயண்ட்ஸ் வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டதாக எண்ணி ஜனங்கள் மைதானத்தில் புகுந்தனர். முதல் பேஸிலிருந்து ஓடிய ஃப்ரெட் மெர்க்கில் என்னும் பத்தொன்பது வயது இளைஞன், இரண்டாம் பேஸைத் தொடாமலே கூட்டத்தைக் கண்டு திரும்பிவிட்டான். சிகாகோ வீரர் பந்துடன் அப்பேஸைத் தொட்டு நியாயம் கேட்டார். ஓட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. ஆண்டு முடிவில் இரு கோஷ்டிகளும் சமமாய் நிற்கவே, அக்டோபர் 8-ஆம் தேதி மறு ஆட்டம் நடந்தது. களைத்த தோளுடன் மாத்யூஸன் எறிந்தார். நான்குக்கு இரண்டு என்று தோற்றார். மெர்க்கிலைத் தேசமே மடையன் என்று தூற்றியது. கோஷ்டியார் அவனைக் கைவிடவில்லை. மக்ரா அவனைப் பல்லாண்டு வைத்துக்கொண்டார்.

1911 முதல் 1913 வரை மூன்று ஆண்டுகளும் ஜயண்ட்ஸ் தம் லீகில் முதலிடம் பெற்று, உலகப் பந்தயத்தில் மூன்று முறையும் தோற்றனர். அவற்றைப் பற்றி விரிக்கவேண்டுவதில்லை. மாத்யூஸன் நன்றாகவே எறிந்தார், உடனாடியவர் கைகளிலிருந்து பந்துகள் நழுவின. 1914-க்குப் பிறகு தோள் தளர்ந்தது.

1916-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி இரண்டாம் ஆள்மாற்று. மாத்யூஸனுக்கு மானேஜராக விருப்பம். நியூயார்க்கில் மக்ரா இருக்கும்வரை அவ்விடம் காலியாகாது. ஆகவே தம் தோழரை மக்ராவே ஸின்ஸினாட்டிக்குக் கொடுத்தார். எந்த ஊர் அவரைப் பதினாறு ஆண்டுக்குமுன் நழுவவிட்டதோ அந்த ஊருக்கே அவர் மானேஜராகச் சென்றார். அவருடன் எட் ரௌஷ், பில் மக்கெக்னி என்னும் இருவரையும் கொடுத்து, பக் ஹெர்ஸாக் முதலிய இருவரை நியூயார்க்கு பெற்றது. இவ்விடத்தில்தான் அடுப்படிக் கணக்கர்கள் பெரும்பாலும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாமல் பார்த்தால் கதை வேறு. ரௌஷ் ஸின்ஸினாட்டியில் 1917-இலும் 1919-இலும் லீகின் முதன்மையான மட்டைக்காரரானார். மக்கெக்னி பிற்காலத்தில் அதே கோஷ்டிக்கு மானேஜராகி, 1940-இல் உலகப் பந்தயத்தை வென்று கொடுத்தார். நியூயார்க்கு விட்ட மூவரும் கூப்பர்ஸ்டவுனிலுள்ள புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். 1900-இல் ஏமாந்தவர்கள் 1916-இல் வட்டியுடன் வாங்கிக்கொண்டார்கள் என்றால் மிகையாகுமோ?

ஸின்ஸினாட்டிக்காக மாத்யூஸன் ஒரே ஓர் ஆட்டத்தில் எறிந்தார். 1916 செப்டம்பர் 4-ஆம் தேதி, சிகாகோவின் மார்டிகை பிரௌன் என்பவருக்கு எதிராக. பிரௌன் சிறுவயதில் இயந்திரத்தில் கையைக் கொடுத்து விரலிழந்தவர். 1908-ஆம் ஆண்டு அந்த மறு ஆட்டத்தில் மாத்யூஸனைத் தோற்கடித்தவரும் அவரே. இருவரும் தளர்ந்த பருவத்தில் கடைசி முறையாக எதிரெதிர் நின்றனர். பந்துகள் மூலைக்கு மூலை பறந்தன. பத்துக்கு எட்டு என்று மாத்யூஸன் வென்று, பின் எறியவே இல்லை.

மானேஜர் பதவியில் அவருக்கு நேர்ந்த சோதனை வேறு. ஹால் சேஸ் என்னும் முதல் பேஸ் காவலர், கைத்திறத்தில் இணையற்றவர். ஆனால் சூதாடிகளிடம் பணம் பெற்று ஆட்டங்களைத் தோற்கச் செய்கிறார் என்ற பேச்சு பல்லாண்டாக இருந்தது. முந்திய மானேஜர்கள் அறிந்தும் அறியாதார்போல் இருந்து, வேறு கோஷ்டிக்குத் தள்ளிவிட்டனர். மாத்யூஸன் 1918 ஆகஸ்டில் அவரை வெளிப்படையாக விலக்கிவைத்துப் புகார் எழுதினார். விசாரணை நடந்தபொழுது மாத்யூஸன் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் இருந்தார். நேரில் சாட்சி சொல்ல இயலாமையால் சேஸ் விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு மாத்யூஸன் நியூயார்க்குக் கோஷ்டிக்குத் துணைப் பயிற்சியாளராகத் திரும்பியபோது, அங்கே மக்ரா சேஸையே வேலைக்கு அமர்த்தியிருந்தார்! தோழரின் மனம் எவ்வாறிருந்திருக்கும் என்று ஊகிப்பதே போதும். அதே 1919-ஆம் ஆண்டு உலகப் பந்தயத்தில் சிகாகோ வீரர் சிலர் பணம் பெற்றுத் தோற்றனர். அப்பந்தயங்களின்போது பத்திரிகையாளர் ஹியூ ஃபுல்லர்ட்டன் அருகில் அமர்ந்து, ஐயத்திற்கிடமான ஆட்டங்களைக் குறித்துக் காட்டியவர் மாத்யூஸன்.

போருக்கு அவர் சென்றபோது வயது முப்பத்தெட்டு, நிர்ப்பந்தம் ஏதுமில்லை. நச்சுவாயுப் பிரிவில் காப்டனாக, டை காப் என்னும் பெருவீரருடன் பிரான்ஸில் பணியாற்றினார். பயிற்சியின்போது முகமூடி அணியத் தாமதித்தமையால் நச்சுவாயு நுரையீரலிற் புகுந்தது என்று காப் பிற்காலத்தில் எழுதினார். அவர் தம்பியும் ஜயண்ட்ஸுக்குச் சிறிது காலம் எறிந்தவருமான ஹென்றி 1917-இலேயே க்ஷயரோகத்தால் மாண்டிருந்தார் என்பதையும் இதனுடன் வைத்து நோக்கவேண்டும். எதனாலாயினும், 1920-இல் மாத்யூஸனுக்கும் அந்நோய் கண்டது. நியூயார்க்கு மாகாணத்து வடமலைகளிலுள்ள ஸாரனாக் ஏரி என்னும் ஊருக்குச் சென்று, அங்கே படுக்கையில் அசையாது கிடந்து சிகிச்சை பெற்றார். சிறிது தேறியதும், 1923-இல் பாஸ்டன் பிரேவ்ஸ் கோஷ்டியின் தலைவர் பதவியை ஏற்றார். வைத்தியர் விரும்பவில்லை. வேலை உடலை உருக்கியது.

அவ்வாண்டுகளில் நியூயார்க்கு மைதானத்தில் வேறொரு மனிதரையும் காணக்கூடியதாயிருந்தது. ஆட்டத்தை விட்டபின் கூலிவேலைகள் பல செய்து வருந்திய ஏமஸ் ரூஸியை மக்ரா 1921-இல் வரவழைத்து, அம்மைதானத்திலேயே காவல் வேலை கொடுத்திருந்தார். தாம் இடிபோல் எறிந்த கோஷ்டியின் மைதானத்தையே அவர் மேற்பார்த்து வந்தார்.

புகழ் மண்டபத்திற்கு 1936-இல் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் மாத்யூஸன் ஒருவர். ஐவருள் அன்று உயிரோடில்லாதவர் அவர் மட்டுமே. 1940-களில் பழைய ஏடுகளைச் சோதித்தவர்கள் 1902-ஆம் ஆண்டின் வெற்றியொன்று விடுபட்டதைக் கண்டு சேர்த்தனர். அதனால் மொத்தம் 373 ஆகி, குரோவர் அலெக்ஸாண்டர் என்பவரோடு சமமாயிற்று. ரூஸியை அம்மண்டபத்தில் சேர்த்தது 1977-இல்தான். அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின். ஆகவே 1900-ஆம் ஆண்டு மாறிய இரு பண்டங்களில் ஒன்றும் போலியன்று. ஒன்று முன்னமே செலவழிந்திருந்தது, அவ்வளவே.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி, பிட்ஸ்பர்க் நகரத்தில் அவ்வாண்டு உலகப் பந்தயத்தின் முதல் ஆட்டம் நடந்த நாளன்று, ஸாரனாக் ஏரியில் மாத்யூஸன் தம் நாற்பத்தைந்தாம் வயதில் காலமானார். மறுநாள் இரு கோஷ்டி வீரரும் கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஆடினர். உடலை லூயிஸ்பர்க்குக்குக் கொண்டுவந்து, கலாசாலையை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். பேஸ்பால் உலகத்தார் பொருள் சேர்த்துக் கலாசாலை வாயிலில் நினைவு வளைவு ஒன்று எடுத்தனர். அவர் படித்த காலத்தில் இல்லாததும் 1924-இல் கட்டப்பட்டதுமான அக்கலாசாலைக் கால்பந்து அரங்கு, 1989 முதல் அவர் பெயரைத் தாங்கி வருகின்றது.